மூணாவது ஓலை

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். பூசை முடியப்போகிற நேரம் சாமி ஒரு தாளை எடுப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று வாசிப்பார். வாசித்துவிட்டு ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா நிற்பார். யாரும் எழும்பி நான் பார்த்ததில்லை. ஆனாலும் சிறுபிள்ளையில் இருந்தே அந்த ஒரு மூச்சு நேரம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். அடுத்த வீட்டு ஓலைக்கே அப்படி என்றால், என் மகளுடைய ஓலைக்கு எப்படி இருந்திருக்கும்? அதற்கு ஒரு தடையை உண்டாக்கினவளே நான்தானே.

நான் பயந்தவள். அஞ்சாவதுக்கு மேல் படிக்கவில்லை, நாலு பேர் முன்னால் பேசினதில்லை. யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் வாய் வராது, தலைதான் ஆடும். கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன்னால் காசு போட்டால் தலையாட்டுகிற சம்மனசு பொம்மை ஒன்று, சிறகு வைத்த தேவதூதன், வைப்பார்கள். என் வீட்டுக்காரர் என்னை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாக. "ஏளா சம்மனசு, காப்பி போடுதியா?" என்பாக. அதற்கும் தலைதான் ஆட்டுவேன்.

அவுக சங்கு குளிக்கப் போனவுக. நல்ல வயதில் ஒருநாள் ஆழத்தில் இருந்து வேகமாக மேலே ஏறிவிட்டாக. அப்படி ஏறினால் ரத்தத்தில் காற்று அடைக்குமாம், வள்ளத்தில் தூக்கிப் போட்டபோது இடது கால் செத்திருந்தது. அன்றையிலிருந்து வலது கால் நடக்கும், இடது கால் கூடவே இழுபட்டு வரும். அவுக அதைச் சொல்லிச் சிரிப்பாக. எனக்குச் சிரிப்பு வராது. கடலுக்கு நாலு தெரு தள்ளி அறுபது வருஷமாய் இருக்கிறேன், கணுக்காலுக்கு மேல் கடல் தண்ணீர் பட்டதில்லை.

எங்களுக்கு ஒரே மகள். முப்பத்தொன்பது வயதில் எனக்குப் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் விட்டு வரும்போதே, திரும்பி வருவாளா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் மெக்கானிக்கல் படித்தாள். அதோடு நிற்காமல், கப்பல் இன்ஜின் படிப்பு ஒரு வருஷம் என்று சென்னைக்குப் போனாள். எங்கள் தெருவில் ஆம்பளை கப்பலுக்குப் போகாத வீடு குறைவு. பொம்பளை போன வீடு கிடையாது.

"யம்மா, அப்பா தண்ணிக்குள்ள போனாக. நான் தண்ணிக்கு மேலதான போறேன்" என்றாள்.

"ஏட்டி, இன்ஜின் ரூம் தண்ணி மட்டத்துக்குக் கீழதான் இருக்கும்" என்று இவுக நாற்காலியில் இருந்தபடியே சொன்னாக. அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் எழும்பிப்போய் மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன்.

கல்லூரியில் கூடப் படித்த பையன் ஒருவனை விரும்புவதாக அவள் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல். ஒளிக்க என்ன இருக்கிறது, கல்யாணம் ஆனால் கப்பல் ஆசை போய்விடும் என்று நினைத்தேன். பையன் எங்கள் கோவில் பங்குதான், நம்ம ஆள்கள்தான். புதுத் துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் வேலை. தகப்பன் இல்லை, அம்மா மட்டும்தான். நல்ல பையன். ஆனால் அம்மா முன்னால் அவனும் என்னைப் போலத்தான், வாய் வராது.

இவர்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருந்தது இதுதான். முதல் கப்பல் கிடைக்க எப்படியும் ஒரு வருஷம் ஆகும். அதற்குள் கல்யாணம் முடிந்துவிடும். பிறகு அவள் கப்பலுக்குப் போவாள், அவன் கரையில் வேலை பார்ப்பான். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்று பையன் சொல்லியிருக்கிறான். சொல்லவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான்.

கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கிற மாதம். ஒருநாள் மத்தியானம் பையனுடைய அம்மா ஒரு பெட்டி மக்ரூன் இனிப்போடு வீட்டுக்கு வந்தாக. என் மகள் அப்போது சென்னையில். இவுக காலுக்கு எண்ணெய் போட வைத்தியரிடம் போயிருந்தாக. சம்பந்தி முறையில் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மைனி என்போம், அவுக என்னைவிடப் பத்து வயது இளையவுக. ஆனால் பேச்சில் எல்லாம் கட்டன்ரைட், வெட்டொன்று துண்டு ரெண்டு. அவுகளைப் பார்த்ததுமே என் கை சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டது.

"மைனி, எம் மவன் பிரியப்பட்டுட்டான், எனக்கு ஒங்க பிள்ளைய ரொம்பப் பிடிக்கும்" என்றாக. "ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். கப்பல் படிப்பு படிப்போட சரிதான? இங்கன உள்ள கம்பெனில ஏதாவது வேல பாக்கட்டும். கப்பலுக்குன்னு கிளம்ப மாட்டாள்லா?"

எனக்குத் தெரியும். தன்னுடைய புத்தகத்தை, கப்பல்காரர்களுக்குக் கொடுக்கிற அந்த நீலப் புத்தகத்தை, அவள் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினவள். ஆனால் அந்த மைனியின் கண் என் முகத்திலேயே நின்றது. தலை ஆடிவிட்டது. போக மாட்டாள் என்று ஆடிவிட்டது.

"அது போதும்" என்று மக்ரூன் பெட்டியை என் கையில் வைத்தாக. அவுக போன பிறகு ஒன்றை வாயில் போட்டேன். மீதியைப் பெட்டியோடு அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அவுகளே மறந்துபோவாக, கப்பலும் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன். மகள் படிப்பு முடித்து வந்தாள். இரண்டு பேரும் பங்குச்சாமியிடம் போய்ப் பேசி, வேதம் படித்துக் கொடுக்கிற உபதேசியார் முன்னால் செபமந்திரமெல்லாம் சொல்லிக் காட்டி, கையெழுத்துப் போட்டார்கள். முதல் ஓலை வாசித்தார்கள். சாமி அந்த ஒரு மூச்சு நேரம் நின்றபோது பெஞ்சியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். யாரும் எழும்பவில்லை. அப்பாடா என்று வந்தேன்.

புதன்கிழமை அவளுக்கு மெயில் வந்தது. இருபது நாளில் சிங்கப்பூரில் கப்பல் ஏற வேண்டும். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

அவள் வீட்டுக்குள் குதித்த குதியில் சுவரில் இருந்த மாதா படம் ஆடியது. "யம்மா, கல்யாணத்தத் தள்ளி வச்சுக்கிடலாம். இந்தக் கப்பலை விட்டா அடுத்தது எப்பன்னே சொல்ல முடியாது. அவங்க அம்மாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றாள்.

அந்த மைனிக்குத் தெரியும் என்று அவள் நினைத்தாள். தெரியாது என்று எனக்குத் தெரியும். அதற்கும் தலையாட்டினேன்.

அடுத்த நாலு நாள் நான் பட்ட பாடு! அவளுக்கு ஆரஞ்சு நிறத்தில் கை, கால், உடம்பெல்லாம் மூடுகிற ஒரே உடுப்பு ஒன்று உண்டு, இன்ஜின் ரூமில் போடுகிறது. அதைத் துவைக்கப் போட்டாள். துவைத்தேன். கொடியில் காயப்போடப் பயம். அந்த மைனி இந்தத் தெரு வழியாகத்தான் மீன் வாங்கப் போவாக. உள் அறையில் ஃபேனுக்குக் கீழே ஒரு மனுஷனைத் தொங்கவிட்டதுபோல அதைத் தொங்கவிட்டேன். அது இரண்டு நாள் காயாமல் சொட்டிக்கொண்டே இருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் அந்த அறைக் கதவைச் சாத்துவேன்.

"ஏளா, உள்ள யாரைப் பூட்டி வச்சிருக்க?" என்று இவுக கேட்டாக.

பையன் என் மகளிடம் ஃபோனில், ஞாயிறு கழியட்டும், அம்மாவிடம் தேதி தள்ளுவதைப் பற்றிப் பேசுகிறேன் என்றிருக்கிறான். ஞாயிறு வந்தது. இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. பூசை முடிந்து வெளியே வந்தால் அந்த மைனி நாலு பொம்பளைகளோடு நிற்கிறாக.

"இவுக மகதான் பொண்ணு. கப்பலுக்குன்னு படிச்ச பிள்ளை. ஆனாலும் கல்யாணம்னதும் கரையில இருந்துக்கிடுதேன்னுட்டா. எல்லாம் இவுக வளர்ப்பு" என்று என் கையைப் பிடித்தாக. "என்ன மைனி?"

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். மறுபடியும் தலை ஆடியது. என் கழுத்தை நானே திருகிப்போடலாம்போல இருந்தது.

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் இவுக முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்வாக என்று நினைத்தேன். செய்யவில்லை. கொஞ்ச நேரம் செத்த காலைத் தடவிக்கொண்டே இருந்தாக.

"அவ மனசுக்குள்ள இப்ப ரெண்டு சந்தோசம் இருக்கு, அந்தப் பையனும் கப்பலும். நீ ஆட்டுன ஆட்டுல ஒண்ணு போவும். ரெண்டும் போனாலும் போவும்" என்றாக. "நீ ஆட்டுன தலைய நீதான் போய் நிறுத்தணும். என்னால வர முடியாது, நான் வந்தா நீ என் பின்னால ஒளிஞ்சுக்கிடுவ."

ஆறு நாள் ஆனது எனக்கு. மூணாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, காலை பதினோரு மணிக்குப் போனேன். நாலு தெருதான். வழியில் இரண்டு தடவை வீட்டைப் பார்த்துத் திரும்பினேன்.

அந்த மைனி முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாக. "வாங்க மைனி, உக்காருங்க. என்ன இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"அன்னைக்குக் கேட்டீகள்லா" என்றேன். "நான் தலையாட்டுனேன்லா."

"எதுக்கு?"

"கப்பலுக்குப் போவ மாட்டாள்லான்னு. அது பொய்."

அவுக சிரித்தாக. "நீங்க எங்க பொய் சொன்னீக? நீங்க வாயத் தொறந்தே நான் பாத்ததில்லையே."

"அவ போவா. பத்து நாள்ல கப்பல் ஏறணும். சிங்கப்பூர்ல." அதற்கு மேல் எனக்கு மூச்சு இல்லை.

கத்தி மீன் மேல் நின்றது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "ஏலே, இங்கன வா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாக. பையன் சாப்பிட்ட கையோடு வந்து, என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"ஒனக்குத் தெரியுமால?"

"தெரியும்மா."

"எப்ப இருந்து?"

"மொதல்ல இருந்தே."

"வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையால வச்சிருந்த? அத்தைக்கும் மருமகனுக்கும் நல்ல பொருத்தம். ஒருத்தரு தலையாட்டுதாக, ஒருத்தன் தரையப் பாக்கான்."

இன்னும் திட்டினால் தேவலை என்று இருந்தது. ஆனால் அவுக குரல் இறங்கிவிட்டது.

"ஒங்கப்பா முப்பது வருசம் கப்பல்ல கெடந்தாரு. ஒனக்கு மஞ்சக்காமாலை வந்து ஆஸ்பத்திரில கெடந்தப்ப அந்த மனுசனுக்குத் தெரியாது. தெரிஞ்சப்ப நீ எழும்பி ஓடிக்கிட்டிருந்த. எந்தக் கல்யாண வீட்டுக்கும் நான் ஒத்தையிலதான் போனேன். கப்பல் போதும்னு வந்தாரு, ரெண்டு வருசம் இருந்தாரு, போய்ச் சேந்துட்டாரு. மைனி, நான் கடலுக்குப் பயந்து கேக்கலை. நான் காத்துக் கெடந்த கெடைய எம் மவனும் கெடக்கணுமா? பொம்பள காத்துக் கெடந்தா இந்த ஊர்ல யாரும் கண்டுக்க மாட்டாவ. ஆம்பள காத்துக் கெடந்தா சிரிப்பானுவ."

நான் கடலுக்குப் பயந்தவள். காத்திருப்பதற்கு இப்படிப் பயப்படலாம் என்று அன்று வரை எனக்குத் தோன்றியதில்லை.

"சிரிச்சா சிரிக்கட்டும்மா" என்றான் பையன். கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. "நான் இருந்துக்கிடுதேன்."

"இப்ப சொல்லுவ. அவ போன அஞ்சாம் மாசம் சொல்லு, பாப்போம்." அவுக எழும்பிக் கையைக் கழுவினாக. "மூணாவது ஓலை வாசிக்க வேண்டாம்னு இன்னைக்கே சாமிகிட்ட சொல்லிடுதேன். தடை இருந்தா சொல்லணும்லா? தடை நான்தான்."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாசல்வரை வந்து நின்றேன். "அவ நல்ல பிள்ளை" என்று மட்டும்தான் வந்தது. அவுக மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாக.

வீட்டில் மகள் பெட்டிக்குள் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அடுக்கின துணியை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்தாள். "நீ அன்னைக்கே போவாள்னு சொல்லியிருந்தா, அன்னைக்கே சண்டை போட்டுப் பேசி முடிச்சிருப்பேன்லாம்மா" என்று அழுதாள். அழுது முடித்து, "இப்ப நான் போகட்டுமா, இருக்கட்டுமா? நீ சொல்லு" என்று என்னிடம் கேட்டாள். என்னிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தலையை ஆட்டவும் முடியாத கேள்வி அது.

"நீ போனாலும் எனக்குப் பயம்தான், இருந்தாலும் பயம்தான்" என்றேன். "போயிட்டு வா."

மறுநாள் பூசையில் சாமி வேறு இரண்டு வீட்டு ஓலை வாசித்தார். எங்கள் ஓலை இல்லை. முன் வரிசையில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்திருந்தேன், அது தலைகீழாக இருந்தது என்று பிறகு இவுக சொன்னாக.

அவள் போனாள். பையன் ரயிலடிக்கு வந்தான், அவன் அம்மா வரவில்லை. கப்பலுக்கு ஆள் போன அன்று எங்கள் பக்கம் வீட்டைக் கூட்டமாட்டார்கள். கூட்டவில்லை. அவள் சிந்திவிட்டுப் போன பவுடர் தரையில் அப்படியே கிடந்தது. இரவும் பகலும் அதைச் சுற்றியே நடந்தேன்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்து பையன் வருவான். ஃபோனில் கடல் படத்தைத் திறந்து, இந்தப் புள்ளிதான் கப்பல், மாமா, என்று இவுகளுக்குக் காட்டுவான். இவுக அந்தப் புள்ளிக்கு ஆழம், கை விரித்த அளவில், எத்தனை பாகம் இருக்கும் என்று கணக்குச் சொல்வாக. நான் அடுக்களையில் காதைப் பொத்திக்கொள்வேன். ஊரில் சிரிக்கத்தான் செய்தார்கள். "ஏலே, கல்யாணத்துக்கு முன்னாலேயே வீட்டோட மாப்பிள்ளையா?" என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஐந்தாம் மாசமும் வந்தான். ஆறாம் மாசமும் வந்தான். அவன் அம்மா கோவிலில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாக.

ஏழாம் மாசம் திடீரென்று அவளிடம் இருந்து சத்தமே நின்றுபோனது. முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணினேன். ஃபோனில் அந்தப் புள்ளியும் காணவில்லை. நடுக்கடலுக்குப் போனால் சில நேரம் அப்படித்தான், அத்தை, என்று பையன் சொன்னான், அவன் உதடு காய்ந்திருந்தது. டிவியில் எங்கேயோ ஒரு கடலில் கப்பல்களுக்கு ஆபத்து என்றார்கள். எந்தக் கடல் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை, டிவியை நிறுத்திவிட்டேன்.

பதினோராம் நாள் மத்தியானம் வாசலில் செருப்புச் சத்தம். அந்த மைனி. கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது, அப்படியே வந்திருக்கிறாக.

"சத்தம் உண்டா?"

"இல்ல" என்றேன்.

"எம் மவன் ரெண்டு நாளாச் சாப்பிடலை." தரையில் உட்கார்ந்தாக. பிறகு, "சும்மா இருக்காதீக மைனி, சும்மா இருந்தா கெட்டதாத்தான் தோணும். வெங்காயம் இருந்தா கொண்டாங்க" என்றாக.

ஒரு முறம் சின்ன வெங்காயத்தை இரண்டு பேரும் உரித்தோம். வீட்டுக்கு அத்தனை வெங்காயம் தேவையில்லை. மறுநாளும் வந்தாக. பாதி முறத்தில் இருக்கும்போது ஃபோன் அடித்தது.

"யம்மா, கப்பல்ல வைஃபை கெட்டுப்போச்சு" என்றாள் என் மகள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த மைனி ஃபோனைப் பிடுங்கினாக. "ஏட்டி, இங்க நாலு பேரு செத்துப் பொழச்சிருக்கோம், நீ வைஃபைங்க? இனி எந்தக் கப்பல்ல ஏறுனாலும் மொதல்ல அதக் கேட்டுட்டு ஏறு!" பிறகு முந்தியால் முகத்தை மூடிக்கொண்டாக. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கிளம்பி எட்டு மாசம் கழித்து அவள் வந்தாள். கறுத்து, மெலிந்து, கையில் எண்ணெய் சுட்ட தழும்போடு. ஆறு மாசம் தாண்டிவிட்டால் பழைய ஓலை செல்லாது, முதலில் இருந்து வாசிக்க வேண்டும் என்று சாமி சொன்னார். அந்த மைனிதான் கூடப் போய்ப் புது ஓலைக்குப் பேர் கொடுத்தாக.

போன ஞாயிறு மூணாவது ஓலை. அந்த மைனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாக. சாமி தாளை எடுத்தார், வாசித்தார், நிறுத்தினார். அந்த ஒரு மூச்சு நேரத்தில் என் கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். பார்த்தேன், அவுகதான். கை ஐஸ் மாதிரி இருந்தது. என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

யாரும் எழும்பவில்லை. சாமி ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கினார்.

"மைனி" என்று அவுக என் காதில் கேட்டாக, "அடுத்த கப்பலுக்கு மெயில் வந்துருச்சா?"

"வந்துருச்சு" என்றேன், வாய் திறந்து. "கல்யாணம் முடிஞ்சு ரெண்டாம் மாசம்."

ஆசீர்வாதம் முடிந்த பிறகும் அவுக என் கையை விடவில்லை.